பத்திரத்தில் முழு ஆதார் எண் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனையோ வீடோ வாங்கினாலும் விற்றாலும், பெரும்பாலான கிரயப் பத்திரங்களின் முதல் பக்கத்திலேயே இரு தரப்பினரின் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம் எல்லாம் வந்து, அதை ஒட்டி ஆதார் எண் 12 இலக்கமும் முழுதாக அச்சாகிவிடுகிறது. பணம் எந்த வங்கிக் காசோலையில் அல்லது ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் கைமாறியது என்பதும் உள்ளே எழுதப்படுகிறது. பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவுப்படி புகைப்படமும் கைரேகையும் அதே ஆவணத்தில் சேர்கின்றன. அதே சட்டத்தின் 57ஆவது பிரிவோ, 1ஆம் புத்தகத்தில் பதிவாகும் சொத்து ஆவணங்களை எவரும் பார்வையிடலாம், கட்டணம் செலுத்தி நகல் பெறலாம் என்கிறது. சொத்து யார் பெயரில் இருக்கிறது, அதில் வில்லங்கம் உண்டா என்பது வாங்க வருகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக 1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்த நல்ல ஏற்பாடு அது. அன்றைக்கு ஆதாரும் இல்லை, விரல் வைத்துப் பணம் எடுக்கும் வசதியும் இல்லை.

இன்று இரண்டும் இருக்கின்றன. ஆதார் வழிப் பணப்பட்டுவாடா என்று ஒரு முறை உண்டு. ஏ.டி.எம். இல்லாத ஊர்களில் வங்கி முகவர் கையில் வைத்திருக்கும் சிறு கருவியில் பணம் எடுப்பார்களே, அதுதான். அதற்குத் தேவை மூன்று: எந்த வங்கி என்ற பெயர், ஆதார் எண், விரல் ரேகை. ஏ.டி.எம். அட்டை வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், கைப்பேசிக்கு ஓடிபியும் வராது. ஒரு தடவைக்கு ரூ.10,000 வரை எடுக்கலாம். நூறு நாள் வேலைச் சம்பளத்தையும் முதியோர் உதவித்தொகையையும் வாங்கப் பல கிலோமீட்டர் போக வேண்டிய மக்களுக்கு இது பெரிய உதவி. அதை நிறுத்தச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனால் அந்த மூன்றும் ஒரே இடத்தில், யாரும் நகல் எடுக்கக்கூடிய ஓர் ஆவணத்தில் சேர்ந்து கிடக்கலாமா என்பதே கேள்வி.

இது வெறும் பயம் அல்ல. 2018இல் தெலங்கானாவில், பதிவுத்துறை இணையதளத்திலிருந்து பத்திரங்களை இறக்கி, அவற்றில் இருந்த கைரேகைகளை ரப்பரில் வார்த்தெடுத்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கிய ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. பின்னர் வேறு சில மாநிலங்களிலும் இதே வழியில் எடுத்த ரேகையை வைத்து வங்கிப் பணத்தையே உருவிய வழக்குகள் வந்தன. அதன் பிறகு ஆதார் ஆணையம், வைக்கப்பட்டிருப்பது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் சோதனையை 2023இல் சேர்த்தது. மோசடி முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. ஆனாலும் பூட்டை மாற்றிவிட்டோம் என்பதற்காகச் சாவியின் அச்சை ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது.

ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு, ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடவோ காட்சிக்கு வைக்கவோ கூடாது என்கிறது. எண் உள்ள பதிவேட்டை வெளியிட வேண்டியிருந்தால் எண்ணை மறைத்துவிட்டே வெளியிட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் தகவல் பகிர்வு விதிமுறைகளும் சொல்கின்றன. ஆகவே பதிவுத்துறை இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, பத்திர வாசகத்தில் கடைசி 4 இலக்கத்துக்கு மேல் எழுதக்கூடாது என்று சார்பதிவாளர் அலுவலகங்களுக்கும் பத்திர எழுத்தர்களுக்கும் தெளிவாகச் சொல்வது. ஆளைச் சரிபார்க்க அலுவலகக் கணினியில் எண்ணை உள்ளிடுவது வேறு, காலத்துக்கும் நிற்கும் ஆவணத்தில் அச்சிடுவது வேறு. இரண்டு, ஏற்கெனவே பதிவானவற்றின் நகலை மூன்றாம் நபருக்குக் கொடுக்கும்போது ஆதார் எண்ணையும் ரேகையையும் மறைத்துக் கொடுப்பது. சொத்தின் உரிமையைச் சரிபார்க்க வருகிறவருக்கு இவ்விரண்டும் ஒரு விதத்திலும் பயன்படாது.

துறை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்திரத்தின் வரைவைப் படித்துப் பார்க்கக் கொடுக்கும்போதே எண்ணைச் சுருக்கச் சொல்லுங்கள். வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் என வேறு அடையாளத்தைக் குறிக்க முடியுமா என்றும் கேளுங்கள். முத்திரைத்தாளில் அச்சாகிக் கையெழுத்தும் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பிழைதிருத்தல் பத்திரம் போட்டாலும் பழைய பத்திரம் அப்படியேதான் இருக்கும்.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் செய்யக்கூடியது, ரேகையைப் பூட்டி வைப்பது. மை ஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் பயோமெட்ரிக் பூட்டு என்ற பகுதி இருக்கும். அதில் ஒப்புதல் கொடுத்தால் விரல் ரேகை, கருவிழி, முகம் மூன்றும் பூட்டிக்கொள்ளும். ஓடிபி வழிச் சரிபார்ப்பு எப்போதும்போல் நடக்கும். வேண்டிய நேரத்தில் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும்.

பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே திறந்துவிட்டு, ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நின்று, விரல் வைக்கும்போது கருவி ஏற்பதில்லை. கடைக்காரர் விரலைத் துடைக்கச் சொல்கிறார், வேறு விரல் வைக்கச் சொல்கிறார், கடைசியில் ரேகை அழிந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார். உண்மையில் கருவியில் வந்திருப்பது 330 என்ற பிழை எண். ரேகை பூட்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். வரிசையில் நமக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திறந்தால் போதும். ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போகும்போதும் இதை மறக்கக்கூடாது. வீட்டில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர் வெளியூரில் இருக்க, ரேகை வைக்கப் பாட்டி மட்டும் கடைக்குப் போகும் குடும்பங்களில், யார் எப்போது திறந்துவிடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்புக்காகச் செய்ததே அரிசி வாங்க முடியாமல் செய்துவிடும்.

அதே தளத்தில் சரிபார்ப்பு வரலாறு என்று ஒரு பகுதி இருக்கிறது. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதார் எங்கே, எந்த நேரத்தில், ரேகை வழியா ஓடிபி வழியா, வெற்றியா தோல்வியா என்று பட்டியல் வரும். ஒரு முறைக்கு 50 பதிவுகள் வரை காட்டும். ரேகையைப் பூட்டி வைத்த ஒருவரின் பட்டியலில், அவர் எங்குமே விரல் வைக்காத ஒரு நாளில் 330 இருந்தால், யாரோ அவர் ஆதார் எண்ணைக் கொடுத்து ரேகை வழியாக முயன்றிருக்கிறார்கள் என்று பொருள். உடனே 1947 என்ற ஆதார் உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். பணமே போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், கூடவே வங்கிக்கு எழுத்து மூலம் புகார். வாடிக்கையாளர் மேல் தவறில்லாத மோசடியில், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் இழப்பு அவரைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சொல்லியிருக்கிறது. கிளையில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவது போதாது. புகார் மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, செராக்ஸ். லாட்ஜில், கல்யாண மண்டபத்தில், வாடகை வீட்டில், கேஸ் ஏஜென்சியில் எங்கே போனாலும் ஆதார் செராக்ஸ் ஒன்று கொடுங்கள் என்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் ஃபைலில் வைக்க என்பார்கள். அடையாளம் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஆதார் சட்டத்தில் 2019இல் சேர்த்த 8ஏ பிரிவு, இணைய இணைப்பில்லாமல் ஆதாரைப் பார்த்துச் சரிபார்ப்பவர் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ பயன்படுத்தவோ சேமித்து வைக்கவோ கூடாது என்கிறது. வேறு என்ன அடையாளம் கொடுக்கலாம் என்பதையும் அவரே நமக்குச் சொல்ல வேண்டும். சட்டம் இருப்பது இப்படி. நடப்பதோ மேசை இழுப்பறையில் கட்டுக்கட்டாகச் செராக்ஸ், ஆண்டு முடிந்ததும் எடைக்கு.

2022 மே மாதம் 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள், எண்ணை மறைத்த ஆதாரையே கொடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது அந்த அறிவிப்பை மட்டும்தான். எண்ணை மறைத்த ஆதார் அன்றும் செல்லும், இன்றும் செல்லும். மை ஆதார் தளத்தில் இ-ஆதாரை இறக்கும்போது மறைக்கப்பட்ட ஆதார் வேண்டும் என்று ஒரு கட்டத்தில் டிக் செய்தால் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் வரும். எண் கட்டாயம் என்று சட்டமே சொல்லும் இடங்களைத் தவிர மற்ற இடங்களுக்கு இது போதும்.

அந்தக் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். இரண்டுமே அட்டையில் அச்சாகியிருப்பவை. ஆகவே கடவுச்சொல் இருக்கிறதே என்று நம்பிக் கோப்பை அங்கே இங்கே அனுப்பாதீர்கள். பிரவுசிங் சென்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுப்பவர்கள், நம் பக்கம் அழித்தால் அங்கேயும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில் கோப்பு அப்படியே கிடக்கும். கடைக்காரர் முன்னிலையிலேயே அதை அழிக்கச் சொல்லி, குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம்.

பழைய அட்டையை செராக்ஸ் எடுத்து, பேனாவால் எண்ணை அடித்துக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. எண்ணம் நல்லது, செய்யும் முறையில்தான் மூன்று ஓட்டைகள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் மைக்கு அடியில் இலக்கங்கள் தெரியும். எனவே அடித்த நகலை மீண்டும் ஒருமுறை செராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாவது நகலைத்தான் கொடுக்க வேண்டும். அடுத்தது, அட்டையின் கீழ்ப்பாதியிலும் பின்பக்கத்திலும் எண் மறுபடி இருக்கும், அதை விட்டுவிடுகிறார்கள். மூன்றாவதுதான் யாருக்கும் தோன்றாதது: 2018க்கு முன் அச்சான அட்டைகளின் கியூ.ஆர். குறியீட்டுக்குள் 12 இலக்க எண் மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே இருக்கிறது. எந்தச் சாதாரண ஸ்கேனரைக் காட்டினாலும் எண், பெயர், முகவரி எல்லாம் திரையில் கொட்டும். மேலே எவ்வளவு கறுப்படித்தாலும் பயனில்லை. புதிய அட்டைகளின் பெரிய கியூ.ஆர். குறியீட்டில் முழு எண் கிடையாது; கடைசி 4 இலக்கமும் ஆணையத்தின் மின்கையொப்பமும் இருக்கும். பழைய அட்டை வைத்திருப்பவர்கள் புது இ-ஆதாரை இறக்கி வைத்துக்கொண்டு, பழைய அட்டையை நகலெடுப்பதை விட்டுவிடுவது நல்லது.

கணினியில் பி.டி.எஃப். கோப்பின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து அனுப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டிக்கு அடியில் எழுத்து இருந்தபடியே இருக்கும். இழுத்துத் தெரிவு செய்து நகலெடுத்தால் வந்துவிடும். அச்செடுத்து, ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை அனுப்ப வேண்டும். எந்த நகலானாலும் எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்பதைப் புகைப்படத்தின் மேலும் பெயரின் மேலும் குறுக்காக ஓடும்படி எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம்.

எண்ணையே உள்ளிட வேண்டிய இடத்தில், ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்க மெய்நிகர் எண் இருக்கிறது. அது 16 இலக்கம் கொண்டது. ஜி.வி.ஐ.டி. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைப் புள்ளியில்லாமல் அடித்து, ஓர் இடம் விட்டு, ஆதாரின் கடைசி 4 இலக்கத்தைச் சேர்த்து, பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 1947க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வரும். புதிதாக ஒன்றை உருவாக்கினால் பழையது செல்லாமல் போகும். அதை வைத்து நம் ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. 2018இலிருந்து இருக்கும் வசதி இது. கேட்கும் அலுவலகத்தின் படிவத்தில் 12 கட்டங்கள்தான் இருக்கின்றன என்பதால் பெரும்பாலும் பயன்படாமல் கிடக்கிறது. படிவம் அச்சிடுகிறவர்கள் இன்னும் நான்கு கட்டம் சேர்த்தால் போதும்.

எண்களைச் சேர்த்து வைத்திருக்கும் அலுவலகங்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. 2017இல், மத்திய மாநில அரசுகளின் சுமார் 210 இணையதளங்கள் பயனாளிகளின் ஆதார் எண்ணைப் பெயரோடு வெளியிட்டிருந்ததை ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. யாரும் உடைத்துத் திருடவில்லை. வெளிப்படையாக இருக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் எக்செல் பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டார்கள். அந்தப் பழக்கம் இப்போது வாட்ஸ்அப் குழுக்களுக்கு இடம் மாறியிருக்கிறது. ஊழியர்களின் அவசரமும் புரிகிறது. மாலைக்குள் பட்டியல் வேண்டும் என்று மேலிருந்து கேட்டால் அவர்களும் என்ன செய்வார்கள்? மேலே இருப்பவர்தான் ஆதார் கட்டத்தை நீக்கிய படிவத்தை அனுப்ப வேண்டும்.

மறைப்பதிலும் ஒரே விதி வேண்டும். ஒரு துறை முதல் 8 இலக்கத்தை மறைத்துக் கடைசி 4 காட்டுகிறது, இன்னொன்று கடைசி 4 மறைத்து முதல் 8 காட்டுகிறது என்றால், இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்த மாத்திரத்தில் முழு எண்ணும் வந்துவிடும். எங்கும் கடைசி 4 மட்டும் என்பதே விதியாக இருக்க வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள், எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒரு கணக்கின் வழியே வேறொரு குறியீடாக மாற்றி வைத்திருக்கிறோம், பயமில்லை என்கிறார்கள். ஆதார் எண் 0, 1 இலக்கங்களில் தொடங்காது. கடைசி இலக்கம் மற்ற 11ஐ வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்பு இலக்கம். ஆக மொத்தம் இருக்கக்கூடிய எண்கள் 8,000 கோடி. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பல நூறு கோடி ஹாஷ் போடும்; சில நிமிடங்களில் எல்லா எண்ணும் வெளியே வந்துவிடும். ஆணையம் 2017இலேயே சொன்ன முறைதான் சரி: எண்ணைத் தனிப் பெட்டகத்தில் மறைகுறியாக்கி வைத்து, மற்ற எல்லா இடத்திலும் அதோடு தொடர்பே இல்லாத ஒரு குறிப்பு எண்ணைப் பயன்படுத்துவது.

பான் எண்ணைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்டு வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கேட்கும் வாடகைதாரர் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தம் நிறுவனத்தில் கொடுக்க வேண்டும்; அந்த எண்ணை முன்பின் தெரியாதவர்களும் தங்கள் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வருமான வரித் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் தெரியும். நம் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதை அறிய, நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் காட்டும்.

நிறைவாக, பத்திரிகைகளுக்கும் ஒரு கோரிக்கை. நலத்திட்ட விழாப் படங்களில் பயனாளிகள் அட்டையைக் கேமரா பக்கம் திருப்பிப் பிடித்திருப்பார்கள். அச்சில் மங்கலாகத் தெரிவது, மின்னிதழில் பெரிதாக்கினால் எண்ணும் கியூ.ஆர். குறியீடும் துல்லியமாகத் தெரிகிறது. படத்தை அனுப்பும் செய்தியாளரே அந்த இடத்தை மங்கலாக்கி அனுப்பலாம். பெயர் மாற்றம், ஆவணம் காணவில்லை போன்ற வரி விளம்பரங்களில் முழு ஆதார் எண்ணோடு வாசகம் வந்தால், கடைசி 4 இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவுக்குச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தரவுப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி